என் கதையில் செத்துப்போன ஜெக்கரியா

ஜெக்கரியா சாகவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் நன்னிலம் ரோட்டில், அரிசி மில்லைத் தாண்டி, தகரக் கொட்டகை போட்ட மோட்டார் கடையில் உட்கார்ந்து கருகிய மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறார். தொப்பை போட்டிருக்கிறது. பல் இரண்டு விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். இவரைத்தான் நான் தொண்ணூற்றாறில் ஒரு வாரப் பத்திரிகையில் கொன்றேன். கொன்றதற்குப் பரிசும் வாங்கினேன்.

என் பெயர் சித்தீக். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஜமாஅத்தில் நிக்காஹ் தப்தர் எழுதும் பொறுப்பும் முப்பது வருடமாக என்னிடம்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை, பெண், சாட்சிகள் பெயரையெல்லாம் அந்தப் பெரிய பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிற வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கொடுத்தார்கள். அதே கையெழுத்தில்தான் அந்தக் கதையையும் எழுதித் தொலைத்தேன்.

ஜெக்கரியாவைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டில் பிறந்தவர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். தஞ்சாவூரில் ஒரு கடையில் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, எண்பத்து மூன்றில் குவைத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் விமானம் ஏறினான். இடையில் வந்து கமருன்னிஸாவைக் கட்டினார். ஜஸீலா பிறந்தாள். தொண்ணூறாம் வருடம் ஆகஸ்டில் அங்கே சண்டை மூண்டதும், போட்டது போட்டபடி பாலைவன வழியாக ஜோர்டானுக்கு ஓடியவர்களில் இவரும் ஒருவர். கூடாரத்தில் இருபத்திரண்டு நாள். ஒரு குடம் தண்ணீருக்கு வெயிலில் நான்கு மணி நேரம் வரிசை. அங்கிருந்து விமானத்தில் பம்பாய், ரயிலில் மெட்ராஸ், பஸ்ஸில் ஊர். ஒரு பை மட்டும் கையில் இருந்தது.

உடம்பு வந்துவிட்டது, மனசு வந்து சேரவில்லை. வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையிலும் தண்ணீர் பிடித்து வைப்பார். அண்டா, குடம், குழம்புச் சட்டி, ஜஸீலாவின் பால் டம்ளர் வரைக்கும். யாராவது அதைக் கொட்டினால் அடிக்க வருவார். ஐப்பசி மழையில் ஊரே மூழ்கிக் கிடக்கும்போதும் வாய்க்கால் ஓரம் குடத்தோடு வரிசைக்கு நிற்பார். முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பார். அங்கே கொக்குகூட நிற்காது. மின்விசிறிக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைக் கூப்பிடுவதாகச் சொல்லி அதைக் கழற்றிப் போட்டார். சாப்பாடு குறைந்தது, தூக்கம் அறவே போனது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். அரபுநாட்டு ஜின்னாம், அதற்குத் தமிழ் புரியாதாம். ஓதிப் பார்க்கிறவர் ஒருவரின் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார் ஜெக்கரியாவின் தம்பி நௌஷாத். காலில் சங்கிலி போட்டார்கள். நாற்பத்தொரு நாள் பார்க்க வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கமருன்னிஸா இருபதாம் நாளே போய்விட்டாள். கணுக்காலில் புண் வைத்து, அதில் ஈ மொய்த்திருந்தது. அந்த அம்மாள் அழவில்லை. சாவியை வாங்கித் தானே திறந்து, புண்ணைக் கழுவித் துணி கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தாள். ஊர் அதற்கும் அவளைத்தான் திட்டியது.

இரண்டு வருடம் கழித்து யாரோ சொல்லித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதம் ஒரு புதன்கிழமை, காலை முதல் பஸ், கட்டுச்சோறு, சீட்டு, வரிசை. இந்த வரிசையில் நிஜமாகவே முன்னால் ஆட்கள் நின்றார்கள். ஆறு மாதத்தில் தூக்கம் வந்தது. ஒரு வருடத்தில் மின்விசிறிக்குள் இருந்தவன் வாயை மூடிக்கொண்டான். தொண்ணூற்று நான்கில் மோட்டார் கடையைத் திறந்தார்.

கடைக்கு நல்ல நேரம். மேட்டூரிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வராத வருடங்கள் அவை. குறுவைக்கு எல்லோரும் போர்வெல் போட்டு மோட்டார் வைத்தார்கள். கரண்ட் குறைந்த அழுத்தத்தில் வந்து வந்து மோட்டார்கள் கருகின. கருகியதையெல்லாம் மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் ஜெக்கரியாவிடம் கொண்டுவந்தார்கள்.

நான் தினமும் சைக்கிளில் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். உள்ளே பார்ப்பேன். மனிதர் கையால் எதையோ சுற்றிக்கொண்டே இருப்பார், வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். நடுநடுவே எழுந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். சுவர் முழுக்கக் கோடு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுதுகிறவன் இல்லையா? மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. அந்தக் கோடுகள் பாலைவனத்தில் கண்ணெதிரே செத்தவர்களின் கணக்கு என்று நானே முடிவு செய்தேன். கதையில் ஒருவன் நாள் முழுக்கப் பிணங்களை எண்ணுகிறான். சுவர் நிறைந்த அன்று ஆற்றில் இறங்கி, கடைசி எண்ணாகத் தன்னையே எண்ணிவிட்டு மூழ்குகிறான். எழுதி முடித்துவிட்டு நானே கண் கலங்கினேன். வெட்கக்கேடு.

கதைகளில் வருகிற பைத்தியங்களை நான் பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஊருக்கே தெரியாத பெரிய உண்மையைச் சொல்லும். இல்லையென்றால் குழந்தைகளைப் பயமுறுத்தும். எப்படியும் கடைசிப் பாராவில் செத்துப்போகும். முதல் பஸ் பிடித்துப் போய் மாத்திரை வாங்கி வந்து, சாப்பிட்டு, எடை கூடி, கடை திறக்கிற பைத்தியத்தை நான் ஒரு கதையிலும் படித்ததில்லை. அப்படி எழுதினால் பரிசு யார் கொடுப்பார்கள்? நானும் படித்ததைத்தான் எழுதினேன். பெயரை மாற்றியிருந்தேன். குவைத்தை மாற்றவில்லை, அரிசி மில்லை மாற்றவில்லை, தகரக் கொட்டகையையும் மாற்றவில்லை.

பத்திரிகை வந்த நான்காம் நாள் கமருன்னிஸா என் வீட்டு வாசலில் நின்றாள். சிதம்பரத்திலிருந்து அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் டெலிபோன் கடைக்குக் கூப்பிட்டு, ஜனாஸா அடக்கம் எப்போது என்று கேட்டாராம்.

“எங்க வீட்டு ஆளு உள்ளார உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்காரு சார்,” என்றாள். “நான் நாலு வருஷமா பஸ் ஏறி ஏறி மீட்டுக் கொண்டாந்த ஆளு. நீங்க ஒரு பக்கத்துல முடிச்சிட்டீங்க.”

அது கற்பனை, கற்பனைக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் சம்பந்தமில்லை என்று நான் ஏதேதோ சொன்னேன். தமிழ் வாத்தியாருக்கு வார்த்தைக்கா பஞ்சம்? அவள் பத்திரிகையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கதை செய்த வேலையைச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் சஹன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் காட்சிகளில் பெரிய தாம்பாளம் ஒன்றில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நல்ல கறித்துண்டை நாமே எடுத்துக்கொள்ள மாட்டோம், கூட இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவோம். அதுதான் மரியாதை. சங்கிலி போட்டதிலிருந்து ஜெக்கரியா உட்கார்ந்த சஹனில் யாரும் உட்காரவில்லை. அதனால் அவர் உட்காருவதையே விட்டார். தால்ச்சா வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுவார், எல்லோரும் போன பிறகு அடுப்படியில் சாப்பிடுவார். கடை திறந்த மறு வருடம் ஒரு கல்யாணத்தில் மூன்று பேர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கதை வந்த பிறகு அந்த மூன்று பேரும் வேறு சஹனைத் தேடினார்கள். ஜெக்கரியா மறுபடி வாளியைத் தூக்கினார். என் சஹனுக்கும் தால்ச்சா ஊற்றினார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

மூன்று வருடம் கழித்து என் வீட்டு மோட்டார் கருகியது. வேறு வழியில்லாமல் அவர் கடைக்குப் போனேன். விவசாயி நடராசன், எங்கள் பக்கத்துப் பெரிய குடியானவர், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெக்கரியா கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கம்பியை ஏற்றிக்கொண்டிருந்தார். வாய் முணுமுணுத்தது. நான் “பாய்” என்று ஆரம்பித்ததும் நடராசன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பேசாதீங்க சார், எண்ணிக்கிட்டு இருக்காரு. ஒரு சுத்து கூடக் குறைய ஆனாலும் மோட்டார் மறுபடி கருகிடும். பத்து சுத்துக்கு ஒரு கோடு போடுவாரு, பாருங்க.”

ஜெக்கரியா எழுந்து சுவரில் ஒரு கோடு போட்டார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பரிசுக் கதையின் பிணங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. எல்லாம் நடராசன் வயலுக்கும் அவரைப் போன்றவர்கள் வயலுக்கும் தண்ணீர் இறைத்த மோட்டார்களின் சுற்றுகள். சைக்கிளை விட்டு இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் இறங்காமலே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. மோட்டாரைக் கொடுத்தேன், வாங்கினேன், வந்தேன். தெரிந்துகொண்ட பிறகும் ஒன்பது வருடம் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருந்தேன். ஊரில் எழுத்தாளர் என்ற பெயர் அந்த ஒரு கதையால் வந்தது, அதை நானே எப்படிக் கெடுப்பேன்?

இரண்டாயிரத்து எட்டில் ஜஸீலாவுக்குச் சீர்காழியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் துபாயில் வேலை. அவனுக்கு அத்தா, அதாவது தகப்பனார், இல்லை; பெரியத்தாதான் எல்லாம். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார் பெரியத்தா. நிக்காஹில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கிற பொறுப்பு அவள் அத்தாவுடையது. வலீ என்போம். சபையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, என் மகளை உங்களுக்குக் கொடுத்தேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். புத்தி சரியில்லாதவர் வலீயாக இருக்கக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். ஆகவே ஜெக்கரியா வீட்டோடு இருக்கட்டும், நௌஷாத் உட்காரட்டும் என்றார்.

நௌஷாத் ஒத்துக்கொண்டார். கமருன்னிஸாவும், நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமே என்று அரைமனதாகத் தலையசைத்துவிட்டாள். அத்தா உட்காரவில்லை என்றால் தானும் உட்காரப்போவதில்லை என்று ஜஸீலா கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெக்கரியா ஒரு நாள் மாலை பள்ளிவாசல் ஆபீசில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டையில் வார்னிஷ் வாசனை.

“வாத்தியாரே, தப்தர்ல பொண்ணோட அத்தா பேருக்கு ஒரு கட்டம் இருக்கு. வலீ பேருக்கு ஒரு கட்டம் இருக்கு. சரிதானே?”

சரிதான் என்றேன்.

“ரெண்டுலயும் என் பேரு வரணும். அவ பொறந்தப்ப நான் குவைத்துல இருந்தேன். நடக்கப் பழகுனப்ப எனக்குத் தன்னறிவு இல்ல. இது ஒண்ணாவது நான் பண்ணணும்.”

பேனா என் கையில்தான் இருந்தது. எழுதும் அதிகாரம் என் கையில் இல்லை. பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்தோம். ஹஜ்ரத், ஜமாஅத்தார், நௌஷாத், சீர்காழிப் பெரியத்தா. ஜெக்கரியா தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலீயின் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று ஹஜ்ரத் சபையைக் கேட்டார். பெரியத்தா பையிலிருந்து மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்தார். என் கதை. தலைப்புக்குக் கீழே என் படம், மீசையோடு.

“உங்க ஊர் வாத்தியார் எழுதுனதுதான் இது. கூடவே இருந்து பார்த்தவரு. பொய்யா எழுதியிருப்பாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெக்கரியா மட்டும் தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் கட்டிக் காத்த எழுத்தாளன் என்ற பெயர் ஒரு பக்கம், இந்த மனிதரின் ஒரு கட்டம் ஒரு பக்கம். எழுந்தேன்.

“பொய்தாங்க,” என்றேன். “அது செத்தவங்க கணக்கு இல்ல, காயில் சுத்து. பத்து சுத்துக்கு ஒரு கோடு. நான் சைக்கிள்ல போற போக்குல பார்த்துட்டு, கேக்காமலே எழுதிட்டேன். தெரிஞ்ச பிறகும் ஒன்பது வருஷம் சொல்லாம இருந்துட்டேன். குத்தம் என்னோடது. நம்ம ஊர்ப் பாதி வயலுக்குத் தண்ணி இவரு எண்ணுன எண்ணிக்கையிலதான் ஓடுது. தப்பா எண்ணுறவரா இருந்தா என்னைக்கோ தெரிஞ்சிருக்கும்.”

பெரியத்தா விடுகிற ஆள் இல்லை. கதையை விடுங்கள், இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார். இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

தூணுக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“சாப்பிடுறேங்க. பதினஞ்சு வருஷமா ஒரு வேளை விட்டதில்ல. நீங்க சாப்பாட்டுக்கு முன்னாடி சர்க்கரை மாத்திரை போடுறீங்க, அன்னைக்கு எங்க வீட்டுல பார்த்தேன். உங்க பொண்ணுங்களுக்கு நீங்கதானே வலீயா உக்காந்தீங்க?”

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னும் நான்கைந்து பேர். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. தனக்கு என்ன நோய் என்று தெரிந்து, அதற்கு மருந்து தவறாமல் சாப்பிடுகிறவருக்கு இதைவிடத் தெளிவான புத்தி வேண்டியதில்லை என்றார். பெரியத்தா ஜெராக்ஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சரி, உங்கள் இஷ்டம் என்றார். முகம் மலரவில்லை, ஆனால் சம்பந்தத்தை முறிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெக்கரியா வெள்ளைச் சட்டையில் வந்து மாப்பிள்ளையின் எதிரே உட்கார்ந்தார். ஹஜ்ரத் வாசகத்தை எடுத்துக் கொடுத்தார். முந்நூறு பேர் அவர் வாயையே பார்த்தார்கள், எங்கே தடுமாறுவார் என்று. அவர் எச்சில் விழுங்கினார். என் மகள் ஜஸீலாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொன்னார். குரலில் பிசிறில்லை. நான் தப்தரைத் திறந்து, அத்தா பெயர்க் கட்டத்தில் ஜெக்கரியா என்று எழுதினேன். வலீ பெயர்க் கட்டத்திலும் ஜெக்கரியா என்று எழுதினேன். அவர் இரண்டையும் விரலை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பந்தி போட்டார்கள். பழக்கதோஷம், மனிதர் தால்ச்சா வாளியைத் தேடிப் போனார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து சஹனில் உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தேன். எங்களோடு சேர்ந்துகொள்ள, மற்ற மதத்தாருக்குத் தனியாகப் போட்டிருந்த இலைச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து நடராசன் எழுந்து வந்தார். நான்காவது ஆளுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். நௌஷாத் எங்களைத் தாண்டிப் போனார். யாரும் வரவில்லை.

“நல்லதாப் போச்சு, கறி மிச்சம்,” என்று ஜெக்கரியா சோற்றில் கை வைத்தார்.

கொஞ்சம் சாப்பிட்ட பிறகு கேட்டார்.

“வாத்தியாரே, கதையில என்னைய ஏன் ஆத்துல எறக்கிவிட்டீங்க?”

கதைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது என்றேன். உயிரோடு விட்டால் எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். சொல்லும்போதே கூசியது.

அவர் எலும்பைக் கடித்து ஓரமாக வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“அந்தக் கொட்டகையிலேர்ந்து வந்த புதுசுல நான் நெசமாவே ஆத்துக்குப் போனேன். படித்துறையில உக்காந்திருந்தேன். தண்ணிக்குள்ளார காலைக்கூட வச்சிட்டேன். அப்புறம், புள்ளைக்குப் பால் வாங்கணுமேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். நான் பண்ணாததை நீங்க பண்ணிட்டீங்க.”

நடராசன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஆறிடும், சாப்பிடுங்க,” என்று ஜெக்கரியா, தட்டின் நடுவில் இருந்த பெரிய கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.